அப்பாவின் தலை பெருத்த கதை

க்ரூயா,
அக்டோபர் 12

அன்பு மகள் வியோல்சாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, மூன்று கோழிகள், எல்லாரும் சுகம். ஜெர்மனியில் குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரியில் வேலை கொஞ்சமாவது குறைந்ததா? இப்போது எழுதப் போவதைப் போனில் சொல்ல முடியாது, நான் போனை எடுத்தாலே உன் அப்பாவின் காது பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

நீ ஆறு மாதமாகக் கெஞ்சியும் அவர் டாக்டரிடம் போகவில்லை அல்லவா. தலைச்சுற்றல் முற்றிக்கொண்டே வந்தது. தொப்பிக் கடையில் வில்லால் கம்பளியை அடித்துப் பஞ்சாக்கிக்கொண்டிருப்பார், திடீரென்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கேட்டால் தும்மல் வந்தது என்பார். ஒரு நாள் வெந்நீர்க் கொப்பரைமேல் சரியப் போனவரைப் பக்கத்துச் செம்புக்கடை செலிம்தான் பிடித்து நிறுத்தினார். அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், ஒரு நாள் சமைக்காமல்கூட இருந்தேன். அவரோ, "தொப்பி தலையில சரியா உக்காருதுல்ல, அப்ப தலைக்கு ஒண்ணும் இல்ல" என்றார். தானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காபிக்கடைக்குப் போட்டுப் போகும் அந்த நல்ல வெள்ளைக் கம்பளித் தொப்பி இருக்கிறதே, அதை அவர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்தேன். கொதிக்கிற தண்ணீர், சோப்பு, அவர் செய்கிற மாதிரியே உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, ஒரு அளவு சின்ன மர அச்சில் மாட்டி அடுப்புப் பக்கம் காயவைத்தேன். அந்த ஞாயிறு தொப்பி இறுக்கியது, முடி வளர்ந்துவிட்டது என்று போய் மொட்டையாக வெட்டிக்கொண்டு வந்தார். அந்த வாரம் நான் இன்னொரு தடவை கொதிக்க வைத்தேன். அடுத்த ஞாயிறு தொப்பி உச்சந்தலையில் முட்டை ஓடு மாதிரி நின்றது. செலிம் சிரித்தே விட்டார். தன் கையால் செய்த தொப்பி ஒருநாளும் சுருங்காது என்று நாற்பது வருடமாகக் கடைவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் மனுஷன், என்ன செய்வார்? தொப்பி சுருங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தலை பெருத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். தலைதான் வீங்கியிருக்கிறது என்று செலிமிடம் அடித்துச் சொல்லிவிட்டு மறுநாளே என்னோடு டாக்டரிடம் வந்தார்.

ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து. இன்னும் சில நாள் விட்டிருந்தால் பக்கவாதம் வந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். திரும்பும்போது பஸ்ஸில் என்னால் அடக்க முடியவில்லை, நான் செய்த திருட்டுத்தனத்தை எல்லாம் கொட்டிவிட்டேன்.

"தெரியும் நஃபியே. தொட்டதும் எனக்குத் தெரியாதா? நீ சோப்பைக்கூடச் சரியா அலசல. என் தொப்பியவே வேகவைக்கிற அளவுக்குப் பயந்து போயிருக்கியேன்னுதான் வந்தேன்" என்றார் உன் அப்பா.

எனக்கு அழுகை வந்துவிட்டது, பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் கடைவீதியில் இன்னமும் தலை வீக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறார், மாத்திரையில் வடிந்து வருகிறதாம். உன்னிடமும் சொல்வார், சிரித்துத் தொலைக்காதே.

கடவுள் உன்னை நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், உன் கை பட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். ஞாயிறு கூப்பிடும்போது மறக்காமல் மாத்திரை போட்டாரா என்று கேள், மிளகாய் ஊறுகாய் ஜாடியை நான் எங்கே ஒளித்தேன் என்று உன்னிடம் விசாரித்தால் தெரியாது என்று சொல்லிவிடு. நேற்றுத் தனக்கு ஒரு புதுத் தொப்பி செய்துகொண்டார், இரண்டு விரல் பெரிதாக, காதுவரை இறங்குகிறது. ஏன் இப்படி என்று கேட்டால், "அடுத்த தடவ நான் அடம்பிடிச்சா நீ சுருக்குறதுக்கு இடம் வேண்டாமா?" என்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா நஃபியே