எப்ப வந்து பாத்தாலும் பூ

அக்கா,

இன்று காலை குசினி யன்னலைத் திறந்ததும் தேன் வாசம் வந்தது. யூலை மாதத்து மழைக்குளிரில் தேன் எங்கிருந்து வரும் என்று ஒரு கணம் திகைத்தேன். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். உங்கள் ஹெதர் செடி பூத்திருக்கிறது. மேடு முழுக்க இளஞ்சிவப்பு. குளிரில் விறைத்த நாலைந்து தேனீக்கள் அதன் மேல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் விட ஆளில்லை, களை பிடுங்க ஆளில்லை, இருந்தும் ஒரு குறையில்லாமல் பூத்திருக்கிறது. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. யன்னலைச் சாத்திவிட்டேன்.

அந்த மேட்டை நாம் இருவருமாகத்தான் போட்டோம். இந்தப் பக்கத்து மண் மழைக்குச் சேறு, வெயிலுக்குச் செங்கல். ஹெதருக்கோ வேரடியில் தண்ணீர் நின்றால் ஆகாது. நுரைக்கல்லும் பைன் மரப்பட்டையும் மூட்டை மூட்டையாக வாங்கிவந்து கலந்து நிலத்தை உயர்த்தினோம். "நம்ம ஊர்ல மாசிங்கிறது ஒரு மாசம். இங்க ஊர் பேரே மாசி. பன்னெண்டு மாசமும் மாசியிலயே கெடக்கேன் டீச்சர்" என்று சேற்றுக் கையோடு சிரித்தீர்கள். திருச்சிக்காரர் நீங்கள், யாழ்ப்பாணத்தவள் நான். நீங்கள் சாமந்தி என்பதை நான் செவ்வந்தி என்பேன். அதற்காக ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறோம்.

தோட்டம் தொடங்கியது உங்கள் மகனின் ஒரு தொலைபேசிப் பேச்சில். உங்கள் கணவர் இறந்து, மகனும் வேலை கிடைத்து நாடு மாறி பிரிஸ்பேனுக்குப் போன பிறகு, அந்த வீட்டில் நீங்கள் தனியே இருந்தீர்கள். வீடு மகன் பெயரில். உங்களைத் தன்னோடு வரச்சொல்லி அவன் பேச்செடுக்கும்போதெல்லாம் நீங்கள் சமையலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவீர்கள். அந்த வீட்டை விட்டுப் போகவேண்டி வந்துவிடுமோ என்பது ஒன்றுதான் உங்கள் பயம். "இங்கிலீஷ் வரலைன்னாலும் இந்த எடம் எனக்குப் பழகிப்போச்சு. இனிமே புதுசா ஒண்ணைப் பழக என்னால ஆகாது டீச்சர்" என்று பலமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

அன்று வேலியடிக்கு ஓடிவந்தீர்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், மகன் பேசினான். தோட்டம் போடச் சொல்றான். லோ மெயின்டனன்ஸா வைம்மா, உனக்கும் முதுகு வலிக்காதுங்கிறான். ஆனா எப்ப வந்து பாத்தாலும் பூ இருக்கணுமாம்."

"எப்ப வந்து பாத்தாலுமோ?"

"ஆமா! அப்படின்னா என்ன அர்த்தம்? அடிக்கடி வரப்போறான்னு அர்த்தம். தோட்டம் போடச் சொல்றவன் வீட்டை விடச் சொல்லுவானா?"

அந்த ஒரு வாக்கியத்தை நாம் பரீட்சைக் கேள்வி மாதிரி எடுத்துக்கொண்டோம். எந்த மாதம் வருவான் என்று தெரியாது. ஆகவே எந்த மாதமும் வெறுமையாக இருக்கக் கூடாது. எனக்கு எதையும் பொருள் வைத்து விளங்கப்படுத்தித்தான் பழக்கம் என்பதால், நீங்கள் கழுவிச் சேர்த்து வைத்திருந்த தயிர் டப்பாக்களை மேசையில் வரிசையாக அடுக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதத்தின் பெயர் வைத்தேன். நாற்றுப்பண்ணைக்குப் போகும்போதெல்லாம் ஒரு செடி வாங்குவோம். அது எந்த மாதங்களில் பூக்குமோ அந்த டப்பாக்களில் ஒவ்வொரு பயறு போடுவோம். வசந்தத்துக்கு ஐரிஸ், கோடைக்கு டேலிலியும் சால்வியாவும், இலையுதிர்காலத்துக்கு ஆஸ்டரும் உங்கள் சாமந்தியும். குளிர்கால டப்பாக்கள் மட்டும் வெறுமையாகவே நின்றன. நாற்றுப்பண்ணைப் பெண்தான் ஹெதரையும் ஹெலிபோரையும் காட்டினாள். ஹெலிபோரைப் பார்த்து, "என்ன டீச்சர் இது, பரீட்சையில கோட்டை விட்ட பிள்ளையாட்டம் தலைய தொங்கப்போட்டுக்கிட்டு நிக்குது" என்றீர்கள். ஆனாலும் வாங்கினீர்கள். ஹெதரைப் பூத்து முடிந்ததும் பச்சை உள்ள வரைக்கும்தான் கத்தரிக்க வேண்டும், பழைய கட்டைக்குள் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது என்று அவள் சொன்னதை நான் மொழிபெயர்த்தபோது, "நம்மளை மாதிரின்னு சொல்லுங்க" என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து யூடியூப்பில் ஓர் இங்கிலாந்துக்காரர் பேச்சைக் கேட்டுவிட்டு ஹெதருக்கான பயறுகளை டிசெம்பர் டப்பாவில் போட்டு வைத்திருந்தீர்கள். அங்கே மார்கழி குளிர், இங்கே மார்கழி கொதிக்கிற வெயில் என்று தோடம்பழத்தைப் பூமியாகவும் டோர்ச்சைச் சூரியனாகவும் வைத்து விளக்கினேன். "அப்ப இந்த ஆளு சொல்றதையெல்லாம் தலைகீழாப் போட்டாச் சரியா?" என்று கேட்டுவிட்டுப் பயறுகளை அள்ளி யூலைக்கு மாற்றினீர்கள்.

முதற் குளிர்காலம் வந்தபோது ஆஸ்டர் எல்லாம் கருகி மண்ணோடு மண்ணாகிவிட்டது. "செத்துப்போச்சு டீச்சர்" என்று அழுகிற குரலில் வந்து நின்றீர்கள். செடி மண்ணுக்குள் போய்ப் படுத்திருந்து பிறகு எழும்பி வரும் என்பதைத் திருச்சியில் யார் கண்டார்கள்?

"பிள்ளையள் லீவுக்குப் போனால் பள்ளிக்கூடம் செத்துப்போச்செண்டோ அர்த்தம்? தவணை தொடங்க வருவினம், இருங்கோ" என்றேன்.

வந்தன. நீங்கள் ஒவ்வொரு முளையாகத் தொட்டுத் தொட்டு எனக்குக் காட்டினீர்கள்.

உங்கள் மகன் மட்டும் வரவில்லை. பூக்கிறதையெல்லாம் படமெடுத்து அனுப்புவீர்கள். பதிலுக்கு ஒரு பெருவிரல் வரும். "பிடிச்சிருக்காம்" என்று அந்தப் பெருவிரலை என்னிடம் காட்டுவீர்கள்.

அடுத்த யூலையில் வந்தான். வீடு விற்றுக் கொடுக்கும் முகவர் ஒருவரும், கமெராவோடு இன்னொருவரும் கூட வந்தார்கள். நீங்கள் அவனுக்காக வத்தக்குழம்பு வைத்திருந்தீர்கள். மூவரும் முதலில் தோட்டத்துக்குப் போனார்கள். மழை விட்ட வெளிச்சத்தில் ஹெதரைப் படமெடுத்தார்கள். தெருவில் மற்ற வீடுகளின் முற்றமெல்லாம் வெறும் சேறாகக் கிடந்த நேரம் அது.

இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு, அக்கா. "நாளைக்கு வருவேன்" என்றால் அதில் "நான்" சொல்லப்படாமலே நிற்கிறது. ஊரில் தமிழ்ப் பாடத்திலும், இங்கே சனிக்கிழமை வகுப்பிலும் எத்தனையோ உதாரணம் சொல்லிப் படிப்பித்திருக்கிறேன். "எப்ப வந்து பாத்தாலும்" என்றானே, வந்து பார்ப்பது யார் என்று அவன் சொல்லவில்லை. நம் மொழியில் சொல்லவும் தேவையில்லை. நீங்கள் அந்த இடத்தில் அவனை வைத்துக்கொண்டீர்கள். அவன் வைத்திருந்தது வீடு வாங்க வருகிறவர்களை.

வீடு பார்க்க ஆட்கள் வந்த சனிக்கிழமை உங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டான். வீட்டுக்காரி நின்றால் வருகிறவர்கள் கூச்சப்படுவார்களாம். நீங்கள் என் குசினிக்கு வந்தீர்கள். இருவரும் யன்னலடியில் நின்று பார்த்தோம். ஓர் இளம் சோடி ஹெதர் மேட்டருகே நின்றது.

"பாருங்க டீச்சர், அந்தப் பொண்ணு குனிஞ்சு தொட்டுப் பாக்குது. புடிச்சுப்போச்சு அதுக்கு."

உங்கள் குரலில் பெருமை இருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, உங்கட பூதான் உங்களை வெளியில கலைக்குது. நான் வரமாட்டன் எண்டு மகனுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

"சொல்லலாம். சொல்லிட்டா, அதுக்கப்புறம் அவன் மூஞ்சிய யாரு பாக்குறது?" என்றீர்கள். பிறகு, "டீ ஆறிப்போச்சு, கொஞ்சம் சூடு பண்ணித் தாங்க."

இங்கத்தைய வழக்கப்படி வீடு ஏலத்தில் போனது. "தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் தோட்டம்" என்று வாசலில் நட்ட பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். குளிர்காலத்தில் விற்பது கடினம், இந்தப் பூக்கள்தான் காரியத்தை முடித்தன என்று முகவர் என்னிடமே சொல்லிச் சிரித்தார். ஹெதரில் ஒரு கொப்பையாவது கொண்டுபோக முடியுமா என்று கேட்டீர்கள். பச்சைக் கொப்பு ஒன்றையும் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

பிரிஸ்பேனில் எத்தனையாவது மாடி என்று நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை. "மேல, ரொம்ப மேல" என்பீர்கள். போன் எடுத்தால் முதலில், "இப்ப என்ன பூத்திருக்கு?" நான் எட்டிப் பார்த்துச் சொல்வேன். ஐரிஸ் வந்துவிட்டது, டேலிலி முடியப்போகிறது. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டீர்கள். நானாகச் சொன்னாலும், "ம்" என்பீர்கள். கடைசியாகப் பேசியபோது அங்குள்ள பாத்திரம் கழுவும் இயந்திரத்தைப் பற்றி மட்டும் பேசினோம்.

நீங்கள் அமைதியாகப் போனதாக உங்கள் மகன் செய்தி அனுப்பினான். அமைதியாகத்தான் போயிருப்பீர்கள், சத்தம் போட்டிருக்க வேண்டிய இடத்திலேயே போடாதவர் அல்லவா? இறுதிச் சடங்கைக் கணினித் திரையில் பார்த்தேன். பெட்டியின் மேல் கடையில் வாங்கிய வெள்ளைப் பூக்கள் இருந்தன.

எனக்கு அவன் மேல் கோபம். அதைவிட உங்கள் மேல் கோபம். நீங்கள் இல்லாவிட்டாலும் சாகாத செடிகளாக ஏன் அத்தனை கவனமாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்தீர்கள்? நாலு ரோசாவை வைத்திருந்தால் நீங்கள் வீட்டை விட்ட வருடமே புழுவும் பூசணமும் பிடித்திருக்கும். அங்கே ஒருத்தி இருந்தாள், இப்போது இல்லை என்று தெருவுக்குத் தெரிந்திருக்கும். புதிதாக வந்த அந்தச் சோடி நல்ல பிள்ளைகள்தான். காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியவேண்டிய அவசியமில்லாதபடி நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து வைத்துவிட்டீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் நகரின் மறுபுறத்து மங்கரேயிலிருந்து வந்திருந்தாள். கோப்பையோடு பின்வாசலில் நின்று என் முற்றத்தைப் பார்த்தாள்.

"அம்மா, வின்டர்ல உங்கட கார்டன் சரியா வெறிச்சுக் கிடக்கு. ஆரையும் பிடிச்சு ஈசியா வளருற பூக்கண்டு ஏதும் வைப்பிக்கட்டோ?"

"ஆருக்கு?"

"என்னம்மா ஆருக்கு? உங்களுக்குத்தான்."

நான் அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பெற்ற பிள்ளை அன்பாகக் கேட்கிற கேள்விக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தேடும் பழக்கம் எனக்கு முன்பு இருந்ததில்லை, அக்கா. உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான்.

"வேண்டாம்" என்றேன். "இந்த வீட்டை விட்டு நான் எங்கயும் போறதா இல்லை."

அவள் திகைத்துப் போனாள். "வாட்? நான் பூக்கண்டைப் பற்றியெல்லோ கதைச்சனான்?" என்றாள். கண் கலங்கிவிட்டது. தேத்தண்ணீரை முழுதும் குடிக்காமலே காரில் ஏறினாள்.

எனக்காகத்தான் கேட்டிருப்பாள். அப்படித்தான் இருக்கும். அதை உறுதியாக நம்ப முடிந்த தாயாக நான் இப்போது இல்லை.