அண்ணனிடம் தனியாக

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று ஆராதனையில் வேதபாடம் வாசித்தது நான். சகோதரன் தப்பு செய்தால் முதலில் தனியாகப் போய் அவனிடமே சொல்; கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ; அதற்கும் மசியாவிட்டால்தான் சபைக்குச் சொல் என்கிற பகுதி. குரல் கணீரென்று இருந்ததாம், வாசலில் எல்லோரும் பாராட்டினார்கள். போதகர், "வாசிச்சாச்சு, கேட்டாச்சு. இந்த வாரம் யாராவது செஞ்சுதான் பாருங்களேன்" என்றார். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் என் அண்ணனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவன் கண்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று உயிரே போய்விட்டது. அண்ணன் ஓட்ட, நான் ஆயாவாகப் போகிற பள்ளி வேனில் பிள்ளைகளைக் கொண்டுபோகும்போது, வளைவில் கதவுப் பக்கமாக ஒரு சைக்கிள்காரர். அண்ணன் பாட்டுக்கு வேனை ஒடிக்கிறான். பின்னாலிருந்து "அண்ணா!" என்று கத்தினேன். பிரேக். பெல்ட் போட்டிருந்ததால் பிள்ளைகள் தப்பித்தார்கள். சைக்கிள்காரர் வேனை ஓங்கி ஓர் அறை அறைந்து, எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார்.

"பார்த்தேன், பார்த்தேன். எதுக்கு ஊரைக் கூட்டுற?" என்றான் அண்ணன்.

பார்க்கவே இல்லை. அந்தப் பக்கமாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினால் கை தடவுகிறது. அது கதவுப் பக்கம்! பிள்ளைகள் ஏறி இறங்குகிற பக்கம்!

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 11, புதன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

பெண்கள் ஜெபக்குழு. எங்கள் தலைவி எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்வதால் எனக்கு அவள் ஸ்தோத்திரம் அக்கா. "யாருக்காவது ஜெபக்குறிப்பு இருக்கா?" என்று கேட்டாள். என் வாய் சும்மா இருக்குமா? "வண்டி ஓட்டுற ஒரு சகோதரர். கண்ணு சரியில்லை, ஒத்துக்க மாட்டேங்கறார். பேர் வேண்டாம்" என்றேன். கண்ணீர்விட்டு ஜெபித்தார்கள். பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

பேர் வேண்டாமாம், பேர்! எங்கள் சபையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் அண்ணன் ஒருத்தன்தான். சொன்னது அவன் கூடப் பிறந்த தங்கச்சி. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஸ்தோத்திரம் அக்கா அண்ணிக்குப் போன் செய்து, "உங்க வீட்டுக்காரர் கண்ணுக்காக நாங்கெல்லாம் உபவாசம் இருக்கோம்மா" என்றிருக்கிறாள். அடுத்த நிமிஷம் அண்ணி என்னைக் கூப்பிட்டாள். "அவர்கிட்ட சொன்னியா? என்கிட்ட சொன்னியா? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நேத்து ஒண்ணுமே தெரியாதவ மாதிரி இங்க வந்து காபி குடிச்சிட்டுப் போனியே!"

கணீரென்று வாசித்தேனே. முதலில் தனியாக, கடைசியில் சபை. நான் கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். அதுவும் முழங்கால் போட்டு.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணன் ஆராதனைக்கு வரவில்லை. "கண்ணு எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

வேனில் முகம் கொடுக்கவில்லை. நான் கதவைச் சாத்தி, பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால்தான் வண்டியை எடுப்பான். சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பித்த நாள் முதல் அதுதான் வழக்கம். இன்றும் தட்டினேன், எடுத்தான். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. வளைவு வந்தபோதெல்லாம் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வேலை போனால் அவன் குடும்பம் என்ன செய்யும்? போகாமல் ஒரு பிள்ளை சக்கரத்தில் போய்விட்டால்? எனக்கு இதில் எது பெரிய பயம்? உண்மையைச் சொல்லட்டுமா — ரெண்டுமே இல்லை. அண்ணன் இனி என் மூஞ்சியில முழிக்க மாட்டானோங்கறதுதான். ஆண்டவரே, இதை எழுதவே வெக்கமா இருக்கு.

பிப்ரவரி 18, புதன்

போனேன். மத்தியானம் ஷெட்டில் வேனுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"முதல்ல உன்கிட்டதான் வந்திருக்கணும். தப்பு என்னோடதுண்ணா. மன்னிச்சுடு."

"சொல்லிட்டல்ல? இறங்கு."

"உனக்குக் கதவுப் பக்கம் தெரியலைண்ணா."

"என் கண்ணு எனக்குத் தெரியாதா? நீ என்ன டாக்டரா?"

அந்தப் பக்கமாகக் கையை நீட்டினேன். "நேராப் பார்த்துக்கிட்டே சொல்லு. எத்தனை விரல்?"

தலை திரும்பப் போனது. பிறகு திரும்பாமல் நின்றது. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்துவிட்டது.

"இறங்குன்னேன்ல."

"இறங்கறேன். ஆனா நாளைக்கு நான் தட்ட மாட்டேன்."

எப்படித்தான் சொன்னேனோ. வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். தனியாகப் போய்ச் சொன்னால் சகோதரன் திரும்பக் கிடைப்பான் என்று அதே பகுதியில்தான் இருக்கிறது. எனக்கு இருந்தவனும் போய்விட்டான் போலிருக்கிறது.

பிப்ரவரி 19, வியாழன்

தட்டவில்லை.

காலி வேன். ஷெட்டிலிருந்து பின்னால் எடுக்கவும் என் தட்டு வேண்டும். கதவைச் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. "என்னக்கா, அண்ணனோட சண்டையா?" என்று ஒரு டிரைவர் கேலி செய்தான். அண்ணன் நினைத்திருந்தால் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், நான் என்ன குறுக்கே விழவா போகிறேன்? போகவில்லை. உட்கார்ந்தே இருந்தான். நான் உள்ளுக்குள் ஜெபித்தேன் என்று எழுத ஆசைதான். "போயிடாதே, போயிடாதே" என்று அவனிடம்தான் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

என்ஜின் நின்றது. இறங்கினான். மேனேஜர் அறைக்குப் போய்ச் சாவியை மேஜையில் வைத்தான். "கண்ணு சரியில்லை சார். வேற ஆளைப் போடுங்க." என்னைத் தாண்டித்தான் வெளியே போனான். ஏறிட்டும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

அண்ணி போன் செய்தாள். கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை திரும்பாது. விடாமல் சொட்டு மருந்து விட்டால் மிச்சம் நிற்கும். இனி ஓட்டவே கூடாது. "இப்ப சந்தோஷமா உனக்கு?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 1, ஞாயிறு

ஸ்தோத்திரம் அக்கா என்னைச் சாட்சி சொல்லச் சொன்னாள், ஜெபம் கேட்கப்பட்டதாம். "என் அண்ணன் என்கூடப் பேசறதில்லைக்கா. அதை முன்னால நின்னு சொல்லவா?" என்றேன். முதல் தடவையாக அவள் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

புது டிரைவர் முதல் தட்டிலேயே எடுத்துவிடுகிறான். என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மார்ச் 11, புதன்

அண்ணனுக்கு ஷெட்டிலேயே உதிரிபாக அறையில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இன்றுதான் முதல் நாள். மாலை டிரிப் முடிந்து அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

"உள்ள வா. கதவைச் சாத்து."

சாத்தினேன்.

"உன்மேல எனக்கு ஒரு குறை இருக்கு. வேற யார்கிட்டயும் சொல்லலை. உன் அண்ணிகிட்டகூட சொல்லலை."

"சொல்லுண்ணா."

"தெரியுதா, எத்தனை விரல், டாக்டர் என்ன சொன்னாரு — ஆளாளுக்குக் கேட்டீங்க. எனக்குப் பயமா இருக்கான்னு நீ ஒரு வார்த்தை கேக்கலையே."

கேட்கவில்லை. என் பயம், என் தூக்கம், என் ஜெபம் என்று நானே நிறைந்திருந்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். இப்போதும் நான் அழுது அவன் தேற்ற வேண்டுமா?

"பயமா இருக்காண்ணா?"

"ரொம்ப" என்றான்.

வேனைப் பூட்ட என்னைக் கூப்பிட்டுப் புது டிரைவர் வெளியே ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.