சனிக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் சொல்ல வேண்டியது

மைசூர், மண்டி மொஹல்லா,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான என் வீட்டுக்காரருக்கு, தேவம்மா எழுதுவது.

அவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். நீங்கள் மேட்டூரில் பந்தல் வேலையும் உபவாசமுமாக இருப்பீர்கள். சர்க்கரைக்காரர் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். காலையில் கஞ்சியாவது குடியுங்கள்.

நேற்று போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை கூட்டத்துக்கு வரும் வேனில் நம் சபை பசவராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள். பிறகு பாஸ்டர் ஐயாவிடம் காட்டுவதானாலும் காட்டுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

மனிஷாவை மார்டள்ளிக்கே, புருஷன் வீட்டுக்கே, திருப்பி அனுப்பிவிடு என்றீர்கள். அவளை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த வார்த்தை உங்கள் வாயில் வந்திருக்காது என்றுதான் இன்னமும் நம்புகிறேன். அதனால் உங்கள் மகள் எப்படி வந்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கொள்ளேகால் ரோட்டுத் தூசிக்குத்தான் கட்டியிருக்கிறாள் என்று நினைத்து, என்ன மகாராணி, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாய் என்று கேலி செய்தேன். அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள். கீழ்த்தாடை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. முன்பல் இரண்டைக் காணோம். உதடு கிழிந்து, ரத்தம் துப்பட்டாவோடு சேர்ந்து காய்ந்துபோய், அவிழ்க்கும்போது புண் மறுபடி திறந்துகொண்டது. உங்கள் மாப்பிள்ளை மகேந்திரன் டயர் கழற்றுகிற ஸ்பேனரால் அடித்திருக்கிறான். குடித்துவிட்டு வண்டி எடுக்கப் போனவனிடமிருந்து சாவியை ஒளித்துவைத்தாளாம், அதுதான் குற்றம்.

குளிப்பாட்டும்போது முதுகைப் பார்த்தேன். பெல்ட்டுக் கொக்கி விழுந்த தடம் புதிதாகச் சிவப்பில் ஆறேழு. அதற்கு அடியில் பழசு, மஞ்சளாகிப்போனவை. தொடையில் தோசைக்கரண்டி வைத்துச் சுட்ட வடு. அது கிறிஸ்துமஸ் அன்று வைத்தது. அன்று இரண்டு பேரும் நம் வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டார்கள், நீங்கள் மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தீர்கள். பெண் உட்காரவே இல்லை, நின்றபடியே பரிமாறினாள். பொறுப்பான பெண்ணாகிவிட்டாள் என்று நாம் இருவரும் பேசிக்கொண்டோம். நம் கண்ணில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். அவள் அந்த வாயோடு படியில் விழுந்தேன் என்று குழறத் தொடங்கினாள். நான் குறுக்கே புகுந்து, இவள் புருஷன் அடித்தது என்று சத்தமாகச் சொன்னேன். வார்டில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் எழுதிக்கொண்டார், பெண் போலீஸ் வந்து வாக்குமூலம் வாங்கினார். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்குப் பேசக் கூடாது, ஸ்ட்ராவில் கஞ்சித் தண்ணீர்தான். ஏதாவது வேண்டுமென்றால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுகிறாள்.

அப்படி எழுதிக் காட்டியதில் ஒன்றை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். கல்யாணம் ஆன இந்தப் பதினான்கு மாதமாக ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ பொறுத்தாய், அப்பா இரட்சிக்கப்பட்டார், நானும் பொறுத்தால் அவரும் மாறுவார் என்று நினைத்தேன் என்று எழுதினாள். ஸ்பேனரை ஓங்கும்போது மகேந்திரன் என்ன சொன்னான் தெரியுமா? உங்கொப்பன் உங்கம்மா கைய ஒடைச்சவன்தான், இன்னைக்கு மேடையேறி மைக் புடிக்கறான், நானும் ஒருநா ஏறிக்கறேன் போடீ என்றானாம். மேடையில் நீங்கள் சொல்லும் சாட்சியை அவன் எத்தனை தடவை கேட்டிருப்பான்? கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட்டத்தில்கூட முதல் வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொன்னான்.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடமாக நீங்கள் சொல்வதை நானும் கேட்கிறேன். மண்டியில் மூட்டை தூக்கியது, சாராயம், என் வேதப்புத்தகத்தை அடுப்பில் போட்டது, என் கையை முறித்தது, எல்லாம் வரிசையாக வரும். கையை முறித்த இடம் வந்ததும் நீங்கள் நிறுத்துவீர்கள். நான் எழுந்து இந்த நிமிராத இடது கையைத் தூக்கிக் காட்டுவேன். பசவராஜ் அண்ணன் அதைக் கன்னடத்தில் சொல்லும்போது குரலை இறக்குவார், சனங்கள் அல்லேலூயா என்பார்கள். அதன் பிறகு நீங்கள், இத்தனைக்கும் இந்தச் சகோதரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, இவளுடைய பொறுமையே என்னை உடைத்தது, மறுநாள் லாரியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆண்டவர் என்னைச் சந்தித்தார் என்பீர்கள்.

எந்த லாரி?

நேற்று வரைக்கும் நம் இரண்டு பேரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு தடவையாவது இதைக் காகிதத்தில் எழுதிவிடுகிறேன். கையை முறித்த அன்று நான் ஜெபத்துக்குப் போய்விட்டு வந்தேன். மனிஷா பள்ளிக்கூடத்தில் இருந்தாள், ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் என் தலைமயிரைப் பிடித்துச் சந்து வரைக்கும் இழுத்துப் போனீர்கள். ஸ்கூட்டர்காரர்கள் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் ஹாரன் அடித்தான், வழி விடச் சொல்லி. திரும்ப இழுத்து வந்து என் கையை வாசற்படியில் வைத்து மிதித்தீர்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதோடு விடவில்லை. கதவைச் சாத்திவிட்டு பெல்ட்டை உருவினீர்கள். பத்து அடியோ பதினைந்து அடியோ, கணக்குத் தெரியவில்லை. இன்று செத்துவிடுவேன், பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்து பிணத்தைத்தான் பார்ப்பாள் என்று தோன்றியது. ஆணியில் நீங்கள் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கி தொங்கியது. வலது கையால் எடுத்து வீசினேன். உங்கள் தொடையில் இறங்கி மாட்டிக்கொண்டது. நீங்கள் அலறியதும் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ரத்தம் சாக்கடை வரைக்கும் ஓடியது. முறிந்த கையோடு நான்தான் உங்களை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

டாக்டர் கேட்டபோது லாரியிலிருந்து விழுந்தேன், கொக்கி குத்திவிட்டது என்றீர்கள். என்னைப் போலீசிலிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று அப்போது உருகிப்போனேன். பெண்டாட்டியிடம் அடிபட்டேன் என்று சொல்லக் கூச்சம் என்பது பிறகு புரிந்தது. இரண்டும் இருந்திருக்கும். என் கைக்கும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டேன். பெண்ணிடமும் அதே லாரிக் கதையைத்தான் சொன்னேன். ஆகையால் இந்தப் பொய்யில் பாதி என்னுடையது, உங்கள் தலையில் மட்டும் கட்டவில்லை.

கொக்கியால் குத்தியது சரி என்று வாதாடவும் வரவில்லை. அதற்காக ஆண்டவரிடம் அழுதிருக்கிறேன், உங்கள் காலைப் பிடித்தும் அழுதேன். ஆனால் அது நடந்தது. நடந்ததனால்தான் நீங்கள் இரண்டு மாதம் அசையாமல் கிடந்தீர்கள். கிடந்ததனால்தான் பாஸ்டர் ஐயா ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு தினமும் வந்து பேசியதைக் கேட்டீர்கள். ஒரு நாள் சாயங்காலம், இப்படிப்பட்ட எனக்குமா மன்னிப்பு என்று கேட்டு, பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்காரும்படி அழுதீர்களே, அந்த அழுகை பொய்யில்லை. அதன் பிறகு உங்கள் கை என்மேல் விழவில்லை. அதை எந்தச் சபையிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

உங்களுக்கு நற்செய்தி மன்னிப்பாக வந்தது. எனக்கு எப்படி வந்தது என்று இத்தனை வருடத்தில் நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஊதுபத்திக் கம்பெனியில் என்னோடு பேக்கிங் செய்த ரங்கம்மாதான் முதலில் இயேசுவைப் பற்றிச் சொன்னாள். சாட்டையால் அடித்தார்கள், முகத்தில் துப்பினார்கள், ஆணி அடித்தார்கள் என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதைத்தானே நான் தினமும் வீட்டில் பார்க்கிறேன், இதில் நல்ல செய்தி என்ன இருக்கிறது என்று கேட்டேன். மீதியையும் கேளடி என்றாள். அடித்தவர்கள் எல்லாம் முடிந்தது என்று போய்ப் படுத்துக்கொண்டார்கள், மூன்றாம் நாள் அவர் எழுந்துவிட்டார், எழுந்ததும் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்றாள். நான் கையில் இருந்த ஊதுபத்திக் கட்டைக் கீழே வைத்துவிட்டேன். பாவத்துக்காகப் பட வேண்டிய அடியையெல்லாம் ஒருவர் வாங்கி முடித்துவிட்டார் என்றால் என்னை அடிக்க யாருக்கும் பாத்தியம் இல்லை என்று எனக்குப் புரிந்தது. பாஸ்டர் ஐயாவைப் போல வசனம் சொல்லி விளக்க எனக்குத் தெரியாது. எனக்கு விளங்கிய நற்செய்தி இவ்வளவுதான். இதை நம்பித்தான் ஞானஸ்நானம் எடுத்தேன்.

இப்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மனிஷா போய் அடி வாங்க வேண்டும், அவள் வாங்க வாங்க மகேந்திரன் மனந்திரும்புவான் என்கிறீர்கள். அவனை மீட்க இயேசுவின் ரத்தம் போதாதா? என் மகளின் ரத்தமும் வேண்டுமா? வேண்டும் என்றால் சிலுவையில் என்னதான் நடந்தது? இதை உங்களிடம் கோபமாகத்தான் கேட்கிறேன்.

நேற்று மனிஷாவிடம் கொக்கி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியுங்கள். தாடைக் கட்டோடு சிரிக்க முயன்றாள், வலி வந்து கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு, இதை ஏம்மா போன வருஷமே சொல்லலை என்று எழுதினாள். அந்தத் தாளை நான் மடித்து வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையும் அவன் அப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே வருகிறார்களாம். கேசை வாபஸ் வாங்கிவிட்டுப் பெண்ணை அனுப்ப வேண்டுமாம். நீங்கள் சம்மதித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. அவள் போகவும் மாட்டாள்.

உங்களிடம் கேட்பது இரண்டு. சனிக்கிழமைக் கூட்டத்தில் உங்கள் சாட்சி உண்டு என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அந்த லாரியை விட்டுவிடுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். என் மனைவி பொறுமையால் என்னை வெல்லவில்லை, நான் கொலைகாரனாகாமல் அவள்தான் தடுத்தாள், அதற்குப் பின் ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று சொல்லுங்கள். பந்தலில் எத்தனை பெண்கள் முக்காட்டுக்குள் காயத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ, அவர்களும் கேட்கட்டும். மேடை போனால் போகட்டும். மைக் இல்லாமலும் நீங்கள் இரட்சிக்கப்பட்டவர்தான்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுங்கள். பாலாறு செக்போஸ்ட்டில் நேரமாகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அவர்கள் வரும்போது நம் வாசலில் மனிஷாவுக்கு முன்னால் நீங்கள் நிற்க வேண்டும். நீங்கள் நின்றால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். நீங்கள் இல்லையென்றால் நான்தான் நிற்பேன். மகேந்திரனிடம் எனக்குப் பயம் இல்லை. அவன் என் பெண்மேல் கை வைத்தால் நான் என்ன செய்வேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. இன்னொரு தடவை என் கையில் ரத்தம் படவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் வாயைத் திறந்தவர் சனிக்கிழமையும் திறக்கட்டும். உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆமென்.

இப்படிக்கு,
ஆண்டவருக்குள் உங்கள் மனைவி,
தேவம்மா.

பின்குறிப்பு: மனிஷா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. அப்பா வருவாரா என்று மட்டும் எழுதிக் காட்டினாள். அந்தத் தாளையும் இந்தக் கடிதத்தோடு மடித்து வைக்கிறேன்.