ஆறாவது இலக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு

தூக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது.

துறைமுகச் சாலை எடைமேடையின் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. அதில் ரசீது எண் ஐந்து இலக்கம் வரைதான் போகும், சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று போன மாதமே மேலாளர் ஜெபசிங் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஆறாவது இலக்கத்துக்கு இடம்விட்டு நிரலைத் திருத்தியும் வைத்திருந்தேன். "நல்லா ஓடிட்டு இருக்குல்லா, அத எதுக்கும்மா நோண்டுத?" என்று தள்ளிவிட்டார்.

இன்று காலை எண் தீர்ந்தது. ரசீது வரவில்லை. உப்பு லாரிகள் வாசலைத் தாண்டி ரோட்டில் நின்றன. "டிரைவர்மாரு சத்தம் போடுதானுவ, சீக்கிரம் பாரும்மா" என்று அவரே போனில் கத்தினார். திருத்தி வைத்திருந்ததை அப்படியே எடுத்து ஏற்றினேன். லாரிகள் நகர்ந்தன.

எரிச்சல் அதற்குப் பிறகு நடந்ததால்தான். எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வகை குறிக்க வேண்டும். நான் 'முன்தடுப்பு' என்று போட்டேன். அவர் அதை 'பிழைத் திருத்தம்' ஆக்கினார்.

"நின்னு போச்சுல்லா, பொறவு என்ன தடுப்பு?"

பிழை என்றால் யாருடையது என்று பெயர் வேண்டும். என் பெயர் ஏறிவிட்டது. சம்பள உயர்வின்போது அதைத்தான் எண்ணுவார்கள். போன மாதம் அது வேண்டாத வேலை. இன்றைக்கு என் தப்பு. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

துறைமுகத்தின் கன்டெய்னர் வாசலுக்கு நான் பார்க்கும் மென்பொருளிலும் அதே ஐந்து இலக்கம்தான். அதுவும் நிற்கட்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்துத்தான் படுத்தேன். ஆனாலும் நாளைக்குப் போனதும் சொல்லித் தொலைப்பேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல்.