சம்பந்தியைத் தைத்த நூல்

கெமின், ஜூலை, வியாழக்கிழமை

அன்பு மகள் அய்சிரெக்கிற்கு,

உன் தந்தை இமானாலி எழுதுவது. இவ்விடத்தில் உன் அம்மாவும் தம்பி பெக்தூரும் நானும் உடலளவில் நலமாக இருக்கிறோம். அவ்விடத்தில் நீயும் மாப்பிள்ளை எர்மெக்கும் உடலாலும் மனத்தாலும் நலமாக இருக்கவேண்டும், கொரியாவின் கடற்காற்று உங்கள் நெஞ்சில் தங்காமலிருக்கவேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். எங்களுக்கு ஒரு சொல்லையும் உங்களுக்கு இரண்டு சொல்லையும் எழுதியிருப்பதை நீ கவனித்திருப்பாய்; காரணத்தோடுதான் எழுதினேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். உன் விடுதி அறையில் நால்வர் இருக்கிறீர்கள். நீயோ ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத் துணி மடித்தபடி பேசுகிறவள். நம் வீட்டில் உன் அம்மா என் தோளுக்கு மேல் தலையை நீட்டாமல் ஓர் அழைப்பும் முடிந்ததில்லை. ஆகவே, திங்களன்று புசானுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு மாரத்தின் கையில் இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி. எர்மெக் அருகில் இருந்தால் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி.

முதலில் வீட்டுச் செய்திகள். முதல் அறுப்பு வைக்கோல் நன்றாகக் காய்ந்து உள்ளே வந்துவிட்டது. சிவப்புப் பசு கிடேரி ஈன்றது. உன் சீருக்கென்று உன் அம்மாவும் காலிபா பெரியம்மாவும் இரண்டு குளிர்காலமாகத் தைத்துக்கொண்டிருந்த கம்பள விரிப்பு ஒருவழியாக முடிந்தது. சுவரில் தொங்கவிட்டு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்கள். பெக்தூரின் தொழிலும் நன்றாகவே நடக்கிறது. காலையில் விருந்தினரை நாலு சக்கரக் குவாட் பைக்குகளில் மேய்ச்சல் மேட்டுக்கு அழைத்துப்போவது, திரும்பியதும் ரப்பர் படகில் ஆற்றில் இறக்குவது, நண்பகலோடு பாலத்தருகே கரையேற்றுவது என்று ஒரே நாளில் இரண்டையும் சேர்த்து விற்கிறான். உரிமம், காப்பீடு, ஹெல்மெட் எல்லாவற்றையும் நானே சரிபார்த்தேன். நண்பகலுக்குப் பிறகு எந்தப் படகும் ஆற்றில் இறங்கக்கூடாது என்ற விதியையும் நான்தான் எழுதி அவன் கொட்டகையில் ஒட்டினேன். வெயில் ஏற ஏறப் பனிமலை உருகி ஆறு பிற்பகலில் பெருகும் என்பது உனக்குத் தெரியாததல்ல.

உன் மாமனார் ஜோல்தோஷ் தம் தம்பியோடு நாரினிலிருந்து வந்துபோனதை உன் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள். கல்யாணம் முடிந்த கையோடு நீங்கள் இருவரும் விமானம் ஏறிவிட்டதால், சம்பந்தி என்ற முறையில் அவர் நம் வாசலில் கால்வைத்தது இதுவே முதல் முறை. ஆகவே பெண்கள் அவரைச் சீண்டித் தீர்க்கவேண்டும், அவரும் முகம் கோணாமல் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவரும் லேசுப்பட்டவரல்லர். குவாட் பைக்கில் ஏறி உட்கார்ந்ததும் குதிகாலால் அதன் விலாவில் உதைத்து, "ச்சூ! ச்சூ! என்ன தம்பி, இதுக்கு இன்னைக்குத் தீனி வெக்கலையா?" என்று கேட்டார். "மாமா, கட்டை விரலால அமுக்குங்க, காலால உதைக்காதீங்க, சைலன்சர் சுடும்" என்று பெக்தூர் கெஞ்சினான். காலிபா அண்ணி விடவில்லை: "நாரின்காரங்க வீரமெல்லாம் குதிரைகிட்டதானா சம்பந்தி? இரும்பக் கண்டா பூனைதானா?" என்றாள். அவர் ஒரே அமுக்காக அமுக்க, வண்டி முன்சக்கரம் தூக்கி வைக்கோல்போரில் பாய்ந்தது. ஹெல்மெட்டில் வைக்கோலோடு எழுந்து, "குதிரைதான், சந்தேகமே இல்ல, கெட்ட குதிரை" என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மேட்டில் உன் பெரியப்பாவின் கூடாரத்தில் விருந்து. புளித்த குதிரைப்பால் குமிஸ் வந்தது, இறைச்சி வந்தது, தலைக்கறி அவர் முன் வைக்கப்பட்டது. அவர் எழ முயன்றபோது மெத்தையும் அதன்மேலிருந்த கிண்ணங்களும் கூடவே எழுந்தன. வழக்கம்போல் பெண்கள் அவருடைய அங்கியின் விளிம்பை மெத்தையோடு தைத்திருந்தார்கள். ஆளுக்கொரு தலைச்சவுக்கம் மீட்புச் சீராகக் கொடுத்த பிறகே நூலை அவிழ்த்தார்கள். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் சும்மா இராமல், "இது ஒரு தையலா? எங்க ஊருல பச்சப்புள்ளைங்க தைக்கிற தையல். தண்ணி மேல வெச்சுத் தைங்க என்னை, பாப்போம்!" என்றார். காலிபா அண்ணி கையைத் தட்டி, "சொல்லிட்டீங்கல்ல சம்பந்தி? பேச்சு மாறக்கூடாது. சாட்சிக்கு நோட்டரியே உக்காந்திருக்காரு!" என்று என்னைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கறி முடிந்து, கைவிரித்து ஆசி கேட்டு முடியும்வரை சம்பந்தியை எழுப்ப முடியாது என்பதால் நாங்கள் இறங்கி வரும்போது நண்பகல் எப்போதோ போய்விட்டது. காலையில் நீர்மோர் நிறத்தில் இருந்த ஆறு சாம்பல் கரைத்ததுபோல் ஓடியது. அடியில் பாறைகள் உருளும் ஓசை காதில் விழுவதற்குமுன் செருப்பின் வழியாகக் காலில் ஏறியது. பெக்தூர் என் பக்கம் வந்து, "அப்பா, நாளைக்குக் காலைல வெச்சுக்கலாமா?" என்று மெதுவாகத்தான் கேட்டான். அது அவர் காதில் விழுந்துவிட்டது. "என்னப்பா, உங்க ஊரு ஆறுகூட என்னப் பாத்துப் பயப்படுதா?" என்றார். அதன்பின் நாங்கள் தடுத்திருந்தால், சம்பந்தியைக் கோழை என்று சொன்ன வீடாகியிருப்போம். பெக்தூர் கரையில் நின்று தன் ஆட்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், புகைப்படம் எடுக்கிறோம் என்று பெண்கள் அவரைப் படகில் உட்கார வைத்தார்கள். காலிபா அண்ணி அவர் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். ஏதோ வாரை இறுக்குகிறாள் என்று நினைத்தேன். உன் கம்பளத்தைத் தைத்து மிஞ்சிய நூலால், அந்தக் கோணி ஊசியால், அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் முதுகு வாரைப் படகைச் சுற்றி ஓடும் கயிற்றோடு தைத்திருக்கிறாள். அந்த நூலைப் பல்லால் கடித்தும் அறுக்க முடியாது என்று உன் அம்மா எத்தனை முறை பெருமை பேசியிருக்கிறாள்! பாலத்தருகே கரையேறும்போது ஓர் ஆடு தருவதாக ஒப்புக்கொண்டால்தான் அவிழ்ப்பது என்று ஏற்பாடு.

பெண்களும் நானும் வண்டியில் முன்னால் போய்ப் பாலத்தில் காத்திருந்தோம். படகு வளைவில் தெரிந்தது. பாலத்துக்கு மேலே உள்ள பெரிய பாறையில் பக்கவாட்டில் மோதியது. செங்குத்தாக எழுந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. அவருடைய தம்பியும் ஆட்கள் இருவரும் நீரில் விழுந்து மிதந்து, கயிறு பிடித்துக் கரையேறிவிட்டார்கள். உன் மாமனார் மட்டும் விழவில்லை. படகின் கீழ்ப்பக்கத்தில், உன் அம்மா சொல்லியிருப்பதுபோல் தோள்வரை அல்ல மகளே, தலைக்குமேல் நீர் போக, தொங்கிக்கொண்டிருந்தார். பாலத்தில் கைதட்டல். "பாருங்கடி நம்ம தையல! ஆறே பிடிச்சு இழுத்தாலும் பிரியல! ஆட்டச் சொல்லுங்க சம்பந்தி, அவுத்து விடறோம்!" என்று காலிபா அண்ணி கத்தினாள். நீரிலிருந்து ஒரு கை எழுந்தது. எல்லோரும் பதிலுக்குக் கையசைத்தார்கள். அந்த விரல்களை நான் பார்த்தேன். அவை எங்களுக்காக அசையவில்லை, பிடி தேடின. நான் கத்தியது ஆற்றின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. படகு மோதியதும் பாறையில் தாவித் தொற்றியிருந்த பெக்தூர், படகின் விளிம்பைப் பிடித்து ஊர்ந்துபோய், நீருக்குள் கையை விட்டுக் கத்தியால் அறுத்தான்.

கரையில் கிடத்தியபோது அவர் உதடுகள் நீலமாயிருந்தன. ஒரு பாட்டம் தண்ணீரைக் கக்கினார். யாரும் வாய் திறப்பதற்குமுன் அவரே சிரித்துவிட்டார்: "ஒரு ஆடு பத்தாது, ரெண்டா தரேன், அந்த ஊசிக்காரிய எங்க ஊருக்கு அனுப்பி வைங்க!" அவ்வளவுதான். பள்ளத்தாக்கு முழுவதும் இப்போது இது ஒரு வேடிக்கைக் கதை. ஆறு இழுத்தும் பிரியாத சம்பந்தம் என்று உன் அம்மாவே சொல்லி மகிழ்கிறாள்.

புறப்படும்போது அவர் என்னை வண்டியின் மறுபுறம் அழைத்துப்போய் என் மணிக்கட்டை இரு கைகளாலும் பிடித்தார். "சம்பந்தி, தண்ணிக்குள்ள நான் எர்மெக் பேரச் சொல்லிக் கத்தினேன். வாய்க்குள்ள தண்ணிதான் வந்துச்சு. இது நமக்குள்ள இருக்கட்டும். அவனுக்குத் தெரியக்கூடாது. சம்பந்தி வீட்டு வெளையாட்டுக்குப் பயந்தவன்னு பேராச்சுன்னா ஊருல தல நிமிர முடியாது. ஆகஸ்டுல அண்ணன், தங்கச்சிங்க, வீட்டுக்காரி எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து இதே படகுல போறேன். வரலேன்னா கோவிச்சுக்கிட்டான்னு பேசுவாங்க. அப்புறம் உங்க பொண்ணு எங்க வாசல்ல காலெடுத்து வெக்கையில ஒவ்வொரு வாயும் அவளத்தான் குத்தும்" என்றார். நான் வாக்குக் கொடுத்தேன். அவர் கேட்டது மகனுக்குத் தெரியக்கூடாது என்றும் யாருக்கும் தெரியக்கூடாது என்றும் இரண்டு நிபந்தனைகள். முதலாவதைக் காத்து இரண்டாவதை உன் பொருட்டு மீறுகிறேன். சட்டப்படி இது பலவீனமான வாதம்.

நிலைமையைத் தெளிவாகப் புரிந்துகொள். உனக்காக அவர் வரவேண்டும். உனக்காக நாங்கள் அழைக்கவேண்டும். ஆகஸ்டில் வெயில் இன்னும் கடுமை, ஆறு இன்னும் பெரிது; விருந்தினர் கூடுதலாதலால் விருந்தும் நீளும், படகு இன்னும் தாமதமாக இறங்கும். காலிபா அண்ணி அண்டை வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஊசி கொடுத்துவிட்டாள். இம்முறை உன் மாமியாரையும் அவருடைய நாத்தனார்களையும் வரிசையாகத் தைக்கப்போகிறார்களாம். படகில் ஊசி கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். "நோட்டரி ஐயா, சட்டத்த ஆபீசுல வெச்சுப் பூட்டிட்டு வாங்க. சம்பந்தியச் சீண்டாத வீடும் ஒரு வீடா? அவரே சிரிச்சாரு, உங்களுக்கு என்ன நோவு?" என்றாள். அந்தச் சிரிப்பு உண்மையல்ல என்று சொல்ல, நான் கொடுத்த வாக்கு இடம்தரவில்லை. பெக்தூரிடம் பேசினேன். "நான் வேண்டாம்னா அக்காவத்தான் பேசுவாங்கப்பா. ஆளுக்கொரு கத்தி வாங்கிட்டேன்" என்றான். அன்றிலிருந்து அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. ஆறு பேர் தொங்கினால் எத்தனை கத்தி வேண்டும் என்று கேட்டேன். கத்தியைத் தீட்டப் போய்விட்டான்.

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் சொல்வது உண்மை என்று முத்திரை குத்திப் பிழைக்கிறவன் நான். உனக்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. இப்போது ஒரு பொய்யைக் கேட்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலை உன் அம்மாவை அழைத்து, ஒரு கெட்ட கனவு கண்டதாகச் சொல். கனவில் கலங்கிய நீர் என்று கேட்ட மாத்திரத்தில் அவள் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவாள். ஆட்டை அறுத்து ஆற்றங்கரையில் வேண்டுதல் செய்வாள். உன் மாமியாரை அவளே அழைப்பாள். அந்த அம்மாள் இந்தக் கோடையில் ஆற்றின் பக்கம் ஒருவரையும் விடமாட்டார். ஆண்கள் முணுமுணுத்துவிட்டு மனத்துக்குள் இறைவனுக்கு நன்றி சொல்வார்கள். யாரும் பயந்தவராக மாட்டார், யாரும் கோபித்தவராக மாட்டார். நானே சொல்லலாமே என்பாய். கனவென்பது இரவில் கொழுப்பு தின்றதன் விளைவு என்று திருமணமான நாள்முதல் அவளிடம் வாதாடி வந்திருக்கிறேன். நான் சொன்னால் மருத்துவரிடம் அழைத்துப்போவாள்.

உனக்குக் கற்பனை வராது என்பதால் அப்படியே எழுதித் தருகிறேன், ஒன்றும் சேர்க்காதே. ஆறு கலங்கி ஓடுகிறது. பாலத்தில் பெண்கள் நிற்கிறார்கள். வளைவில் படகு வருகிறது, அதில் ஒருவருமில்லை. அருகில் வந்ததும்தான், அதன் கயிற்றோடு தைக்கப்பட்டு நீருக்குள் ஒருவர் கூடவே வருவது தெரிகிறது. கை எழுகிறது. பாலத்திலிருப்பவர்கள் கையசைக்கிறார்கள். படகு பாலத்துக்கு அடியில் போகிறது, மறுபுறம் வரவில்லை. இதை நான் இட்டுக்கட்டவில்லை, அய்சிரெக். இரவு உணவை நிறுத்திப் பார்த்தும் விடியற்காலையில் வருகிறது. ஆகவே நீ சொல்லப்போவது முழுப்பொய் அன்று. கண்டவர் பெயர் மட்டுமே மாறுகிறது.

உன் அம்மா உனக்கென்று பின்னிய கம்பளிக் கையுறை மாரத்திடம் இருக்கிறது, தொழிற்சாலைக் குளிரறையில் அதைப் போட்டுக்கொள். எர்மெக்கைக் கேட்டதாகச் சொல். உங்கள் பாதை வெண்மையாகவும் கூரை உறுதியாகவும் இருக்கட்டும்; நீங்கள் உட்காரும் இடத்தில் ரொட்டி குறையாதிருக்கட்டும்; நாங்கள் கைவிரித்துக் கேட்பது அதுவே. படித்ததும் இதைக் கிழித்துவிடு. ஒன்றை மறக்காதே. நீ கனவைச் சொல்லி முடித்ததும் உன் அம்மா கட்டாயம் கேட்பாள், தண்ணீருக்குள் இருந்தது யார், முகம் தெரிந்ததா என்று. தெரியவில்லை என்று சொல். இரண்டாம் முறை கேட்டாலும் அதையே சொல். எனக்குத் தெரிந்தது. அது உன் மாமனார் முகமன்று, நம் வீட்டு முகம். அதற்குமேல் எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
உன் நலமே நாடும் தந்தை
இமானாலி