இருட்டுப் பெட்டியில் ஒரு நீலப் பல்பு

மார்ச் 3
ஆய்வகத்தில் நாற்பது தட்டுகள் கழுவினேன். முதுகு வலி. டாக்டரம்மா இன்னும் டாக்டர் ஆகவில்லை; ஆய்வேட்டைக் கொடுக்க நான்கு வாரம் இருக்கிறது. நான் முன்கூட்டியே அப்படிக் கூப்பிடுவதில் அவளுக்கு வருத்தமில்லை. தக்காளி இலையில் கரும்புள்ளி போடும் பாக்டீரியாவை வளர்க்கிறாள். பாதித் தட்டு நீல வெளிச்சத்தில், பாதி இருட்டுப் பெட்டியில். வெளிச்சத்தில் அசையாது, இருட்டில் ஊர்ந்து பரவும் என்று எதிர்பார்த்தாள். எட்டு மாதமாக இரண்டிலும் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. ‘ஒளியால் மாற்றமில்லை’ என்று அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டாள்.

மார்ச் 6
விடுப்பு. தூங்கினேன்.

மார்ச் 9
இருட்டுப் பெட்டியில் பன்னிரண்டு தட்டிலும் பாக்டீரியா விளிம்புவரை பரவியிருக்கிறது. “வேற ஏதோ கலந்திருக்கு, கொட்டிடுங்கண்ணா” என்றாள். எடுத்துக்கொண்டு போனேன். கொட்டவில்லை. பெட்டிக்குள் இருந்த பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தது.

அதை மாட்டியது நான்தான். போன வருடம் பெட்டியின் விசிறியைப் பழுது பார்த்தபோது, மின்சாரம் வருகிறதா என்று சாவித் துவாரம் வழியே பார்த்துக்கொள்ளப் பட்டாணி அளவில் ஒரு நீலப் பல்பு. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கதவைத் திறந்தால் அறை வெளிச்சத்தில் அது எரிவதே தெரியாது; பெட்டியோடு வந்தது என்று நினைத்திருப்பாள்.

அப்போ எட்டு மாசமும் அது இருட்டே இல்லையா? இத்துனூண்டு பல்பு போதுமா? பாக்டீரியாவுக்கென்ன கண்ணா இருக்கு — கண் இல்லை. ஒளியை உணரும் புரதம் இருக்கிறது. அவளே சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறாள். தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன்.

மார்ச் 10
மனைவியிடம் சொன்னேன்.
“புதுப் பல்ப மாட்டிட்டு பேசாம இருந்துட முடியாதா?”
“முடியும்.”
“அப்புறம் எதுக்கு என்கிட்ட சொல்றீங்க?”

மார்ச் 11
டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. நாளைக்கு.

மார்ச் 12
சொல்லிவிட்டேன். கொட்டாமல் வைத்திருந்த பன்னிரண்டு தட்டையும் அவள் முன்னால் வைத்தேன்.
“எட்டு மாசம்ணா.”
“ஆமாம்மா.”
“அதுல ஒரு வாரம் காய்ச்சலோட வந்தேன்.”
அதற்கும் ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 13
எட்டு மணிக்கே வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. பார்க்காத மாதிரி இருந்தேன்.
“அதே மாதிரி பல்பு ஒண்ணு மாட்டுங்க. மூணு நாள் எரியட்டும், மூணு நாள் வேணாம். மாத்தி மாத்திப் பார்ப்போம்.”

மார்ச் 27
நாலு முறை பார்த்தாயிற்று. எரிந்தால் அசைவதில்லை. அணைத்தால் விளிம்புவரை போய்விடுகிறது. பேராசிரியர் அவளுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார். அனுமதியில்லாமல் கருவியைத் தொட்டதற்கு எழுத்துபூர்வமாக விளக்கம் தர எனக்கு மூன்று நாள்.

அக்டோபர் 18
அவளுடைய வாய்மொழித் தேர்வு. படம் காட்டுவதற்காக அறையை இருட்டாக்குவது என் வேலை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: “இவ்வளவு மங்கலான ஒளியே போதும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?”
“எனக்குத் தோணல சார். எங்க ஆய்வகத்துல ஒருத்தர், தான் செஞ்ச தப்ப அவரே வந்து சொன்னார். கதவுகிட்ட நிக்கிறாரு.”
எல்லோரும் திரும்பினார்கள்.
“யாருன்னு பார்க்கலாம், லைட்டப் போடுங்க” என்றார் தேர்வாளர்.
சுவிட்ச் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கொஞ்சம் தாமதித்துத்தான் போட்டேன்.