கெலிஓயாவில் விட்டு வந்த மீன்கள்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
28.08.1983

அன்புள்ள மஸீனா,

உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன். நீர் எவ்வளவு தவித்திருப்பீர் என்று தெரியும், அதனால் இதை முதலில் எழுதுகிறேன். அகதி முகாமில் பதினொரு நாள். பிறகு கொழும்புக்கு லொறியில், அங்கேயிருந்து கப்பலில். காங்கேசன்துறையில் இறங்கினபோது காலில் செருப்பு இல்லை. இப்போது தங்கச்சி இரஞ்சிதத்தின் வீட்டில் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தெரிந்த ஒருவரின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அதனால்தான் இதைச் சொல்லத் துணிகிறேன்: உம்முடைய சாமான் அறையில் நீரும் உம்முடைய மனுசன் மக்கீனும் என்னை ஒளித்து வைத்திருந்த மூன்று நாளையும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. தங்கச்சி கேட்டாள். "முகாமிலதான் இருந்தனான்" என்றேன். தபாலில் போடுகிற கடிதங்களில் இனி இதைத் தொடமாட்டேன். நீரும் தொடாதேயும்.

இன்னொரு விஷயம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நான் குடியிருந்த அறையில் மீன்தொட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். தொட்டி தப்பியிருந்தால், உள்ளே இருக்கிறதுகளை வாளியில் அள்ளி ஆற்றில் விட்டுவிடும். அவை கடையில் வாங்கின மீன்கள் இல்லை. ஹுன்னஸ்கிரிய ஓடைகளில் வீரையாவும் நானும் பிடித்தவை. எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.

வீரையா உமக்குத் தெரிந்தவர்தானே, சனிக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்திலிருந்து டின்னில் மீன் கொண்டு வருகிறவர். என்னைத் தேடிக்கொண்டு வந்தால் நான் சுகம் என்று சொல்லும். இனி பஸ் ஏறி அந்தப் பக்கம் வரவேண்டாம் என்றும் சொல்லும்.

றிஸானாவுக்கு என் முத்தம்.

உம்மை மறவாத,
செசிலியா


கெலிஓயா
19.09.1983

அன்பான டீச்சர் அறிய மஸீனா எழுதுவது,

உங்கட கடிதம் கிடைச்சது. கொண்டு வந்தவர்ட கையிலயே இதையும் குடுத்து விடுறேன். குசினியில நிண்டு வாசிச்சு அழுதேன். வெங்காயம் வெட்டினது என்று மகளுக்குப் பொய் சொன்னேன்.

டீச்சர், மீன் எல்லாம் எங்கட வீட்டிலதான் இருக்குது. உங்கள ஜீப்பில ஏத்தின அண்டைக்கே பின்னேரம் உங்கட கதவ உடைச்சிட்டாங்க. ரேடியோ, தையல் மெஷின், சாரி எல்லாம் போச்சு. தொட்டிக்குள்ள ஒருத்தன் எட்டிப் பார்த்து, "இது என்ன, வயல் மீனா?" என்று சிரிச்சிட்டு விட்டுட்டுப் போனான். மற்ற நாள் ஊரடங்கு எடுத்ததும் பாதித் தண்ணிய ஊத்திட்டு, இவரும் நானும் மையத்துச் சந்தூக்குத் தூக்கிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக் கொண்டு வந்தோம். ஆத்தில விட என்று நினைச்சுத்தான் தூக்கினோம். ஆனா அந்தத் தாடி வைச்ச மாதிரி வாய் உள்ள மீன் கண்ணாடியில ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. என்னால ஏலாமப் போச்சு.

இவருக்குக் கோபம். "அந்த மனுசிய ஒளிச்சதுக்கு வேற சாட்சி வேணுமா? கொண்டு போய்க் கொட்டு" என்றார். ஆரும் வந்தா நான் மேசைச் சீலையால மூடிவிடுவேன். ஆனா போன கிழமை சந்திக் கடைக்கு முன்னால எப்பவும் நிக்கிற அந்த ஆள், தேங்காய் விக்க என்று சொல்லி உள்ளுக்கு வந்தான். சீலைக்குக் கீழால தண்ணி மினுங்கினத கண்டுட்டான். "டீச்சர்ட மீன் எல்லாம் இங்கதானா?" என்று கேட்டான். கேட்டுட்டுச் சிரிச்சான் டீச்சர். ஏசியிருந்தாலும் பயம் இவ்வளவு வந்திருக்காது.

பாண் பிச்சுப் போட்டதில தண்ணி கலங்கி ரெண்டு மீன் மௌத்தாப் போச்சு. என்ன குடுக்கிறது என்று எழுதுங்க. வீரையா இன்னும் வரல்ல.

துஆவோட,
மஸீனா


குருநகர்
02.11.1983

அன்புள்ள மஸீனா,

பாண் போடவே கூடாது. முற்றத்தில் ஒரு வாளித் தண்ணியை மூடாமல் வைத்தால் நாலைந்து நாளில் நுளம்புக் குடம்பிகள் நெளியும். அவற்றைச் சீலைத் துண்டில் வடித்துப் போடும். மழை நாளில் சின்ன மண்புழு. பைப் தண்ணி வேண்டாம், அதில் மருந்து இருக்கிறது. கிணற்றுத் தண்ணியைக் கிழமைக்கு நாலு வாளி மாற்றினால் போதும்.

கண்ணாடியில் ஒட்டுகிறதைச் சிங்களத்தில் கல்பாண்டியா என்பார்கள். வீரையா அதைக் கல்நக்கி என்பார். கல்லில் படர்கிற பாசிதான் அதற்குச் சாப்பாடு, ஆகவே கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் தேய்க்காமல் விடும். செம்பழுப்பாக, வால் சீப்புப் பல் மாதிரிப் பிரிந்திருக்கிறது தல்கொஸ்ஸா. அது துள்ளி வெளியே விழும். மூடி வைக்காமல் இருக்காதேயும்.

இங்கே ஆமி வீடு வீடாகப் பார்க்கிறது. போன திங்கள் என்னையும் றோட்டில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். அதில் கெலிஓயா விலாசம். "ஏன் அங்கே இருந்தாய், ஏன் இங்கே வந்தாய்?" என்று ஒருவன் கேட்டான்.  

உம்முடைய கடிதத்தில் மீன் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

அன்புடன்,
செசிலியா


கெலிஓயா
06.02.1984

அன்பான டீச்சர்,

நல்ல செய்தி ஒண்டும் கெட்ட செய்தி ஒண்டும் இருக்குது. நல்லதை முதல்ல எழுதாட்டி பிறகு எழுத மனம் வராது.

போன மாசம் பதினெட்டாந் திகதி காலையில தல்கொஸ்ஸா முட்டை போட்டிருந்தது. தண்ணியில மிதந்த சேம்பிலைத் துண்டுக்குக் கீழால, ஜவ்வரிசி மாதிரி. ஆண் மீன் அந்த இடத்த விட்டு அசையல்ல. மற்ற மீன் கிட்ட வந்தா விரட்டிச்சு. மண்புழு போட்டும் திங்கல்ல. விரலால தண்ணியத் தொட்டேன், என்னையும் கொத்த வந்தது. மூணாம் நாள் ஊசி முனை மாதிரிக் குஞ்சுகள். நானும் றிஸானாவும் எண்ணப் பார்த்து நாற்பதில விட்டுட்டோம்.

இனி மற்றது. முந்தாநாள் வீரையாட பெண்சாதி நல்லம்மா வந்தாங்க. ஹுன்னஸ்கிரியவில இருந்து பாதித் தூரம் நடந்தே வந்திருக்கிறாங்க, பஸ்ஸில பேசினா தமிழ் என்று தெரிஞ்சிடும் என்ற பயத்தில. வீரையாவப் பொலிஸில பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்க. அவங்கட லயத்து வீட்டச் சோதிக்கேக்க பெட்டிக்குள்ள ஒரு படம் இருந்ததாம். நீங்க கீறிக் குடுத்தது. றோட்டு, ஓடை, பாலம் எல்லாம் போட்டு, ஒவ்வொரு பாலத்துக்குப் பக்கத்திலயும் சிவப்புப் புள்ளி. பக்கத்தில "த.கொ. 6", "க.ந. 14" என்று எழுதி இருந்ததாம். எந்தப் பாலத்துக்குக் குண்டு வைக்கப் போறாய், இந்தக் கணக்கு என்ன என்று கேட்டு அடிக்கிறாங்களாம். மீன் என்று அவர் சொல்ல, அதுக்கும் அடியாம்.

நல்லம்மா தேத்தண்ணியத் தொடவே இல்ல. "டீச்சரம்மா எழுதிக் குடுத்த தாளுதாங்க எங்களக் கெடுத்துருச்சு. அவுங்களே வந்து சொன்னா விடுவாங்களாம்" என்றாங்க.

டீச்சர், உங்கள வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரல்ல. வராதீங்க என்று சொல்லவும் வரல்ல.

மஸீனா


குருநகர்
17.02.1984

மஸீனா,

அந்தப் படம் நான் கீறினதுதான். றோட்டிலிருந்து ஓடைக்கு இறங்குவதற்குப் பாலத்தடிதான் வசதி, அதனால் பாலங்களைக் குறித்தேன். த.கொ. என்றால் தல்கொஸ்ஸா. க.ந. என்றால் கல்நக்கி. அந்த இடத்தில் எத்தனை மீன் கண்டோம் என்பதுதான் இலக்கம். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பழக்கத்தில் சுருக்கி எழுதினேன். இருபத்தொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவளுக்கு, அந்தத் தாளை ஒரு துவக்குக்காரன் எப்படி வாசிப்பான் என்று யோசிக்கத் தெரியவில்லை.

இதோடு ஒரு சத்தியக் கடதாசி வைத்திருக்கிறேன். சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட்டது. படம் என்னுடையது, வீரையாவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, எல்லாம் மீனுக்காக என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன்.

நான் வரவில்லை. உமக்குப் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் பையோடு பஸ் நிலையத்துக்குப் போனேன். முதல் நாள் பஸ் வந்தது, கண்டக்டர் "ஏறுங்கோ அக்கா" என்றார், கால் வரவில்லை. மற்ற நாள் ஏறி இருந்தேன். ஆனையிறவில் சோதனை என்று பின் சீற்றில் கதைத்தார்கள். கேட்டதும் இறங்கிவிட்டேன். காய்ச்சல் என்று வீட்டில் சொன்னேன். அந்த மனிதன் அங்கே அடி வாங்குகிறார், நான் இங்கே போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.

கடதாசியை யார் மூலமாவது அங்கே சேர்ப்பியும். நீர் போகாதேயும். உமக்கு ஒரு பிள்ளை இருக்கிறது.

செசிலியா


கெலிஓயா
20.03.1984

அன்பான டீச்சர்,

நான் போனேன். கோவிக்க வேணாம்.

கடதாசிய நல்லம்மா முதல்ல கொண்டு போனாங்க. வாங்கிப் பார்த்திட்டு, "யாழ்ப்பாணத்தில இருந்து ஆரும் எதையும் எழுதலாம், மீன் எங்க?" என்று கேட்டாங்களாம். அத அவங்க வந்து சொன்னதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய கண்ணாடிப் போத்தல் ஒண்டில ஒரு தல்கொஸ்ஸாவையும் ரெண்டு கல்நக்கியையும் பிடிச்சுப் போட்டேன். இவர் வரவே மாட்டேன் என்றார். "உனக்குப் பைத்தியம்" என்று ஏசினார். முந்தானையால தலைய மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தா, எனக்கு முன்னால பஸ் நிக்கிற இடத்துக்கு அவர் நடந்து போறார். திரும்பியும் பார்க்கல்ல.

பஸ் குலுங்கேக்க எல்லாம் போத்தல மடியில பிடிச்சிருந்தேன். என்ட கையில இருந்து வேர்வை வழிஞ்சு கண்ணாடி வழுக்கினது. ஆயத்துல் குர்ஸி ஓதினேன். பாதியில மறந்து மறந்து திரும்பத் தொடங்கினேன்.

பொலிஸில ஒரு பெரிய அதிகாரி அந்தப் படத்த மேசையில விரிச்சார். "நோனா, இதில எது த.கொ.?" என்று கேட்டார். சிவந்த மீனக் காட்டினேன். "க.ந.?" அடியில இருந்தத காட்டினேன். "ஏன் அந்தப் பேர்?" கல்லில ஒட்டும் ஐயா, நக்கித் திங்கும் என்றேன். அவர் போத்தலத் தூக்கிச் சரிச்சார். தண்ணி ஒரு பக்கம் போனது, மீன் கண்ணாடிய விடல்ல. கதவடியில நிண்ட வயசான சார்ஜன் ஒருத்தர் சிரிச்சிட்டார். "சேர், இது கல்பாண்டியா. பாலத்துக்குக் கீழதான் கிடைக்கும். நானும் சின்னதில பிடிச்சிருக்கிறேன்" என்றார். அந்த மனுசன அல்லாஹ் நல்லா வைக்கணும்.

பெரியவர் சிரிக்கல்ல. "இந்த மீன் ஆருட?" என்று கேட்டார். என்ட என்றேன். "டீச்சர்ட மீன் உங்கட வீட்டுக்கு எப்படி வந்தது? யூலையில டீச்சர் எங்க இருந்தா?" டீச்சர், நான் இவர்ட முகத்தப் பார்த்தேன். இவர் நிலத்தப் பார்த்துக்கொண்டு நிண்டார். எங்கட வீட்டில இருந்தாங்க, மூணு நாள் என்றேன். பெரியவர் அத எழுதிக்கொண்டார். இவர்ட பேரையும் விலாசத்தையும் கேட்டு எழுதினார்.

ஐஞ்சாம் நாள் வீரையாவ விட்டாங்க. நல்லம்மா அவர இங்க கூட்டிக்கொண்டு வந்தாங்க. இடது காது கேக்கிறதில்ல. வலது கை விரல் மடங்குறதில்ல. தொட்டிக்கு முன்னால கதிரை போட்டேன், அவருக்குப் பிரியமான மீன்தானே என்று. அவர் உட்காரல்ல. முகத்தச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதுகள ஆத்துல விட்டுருங்கம்மா. பாக்கவே முடியல. டீச்சரம்மாகிட்டச் சொல்லுங்க, எனக்கு அவுங்க மேல கோவம் இல்ல. ஆனா இனிமே எம்பேர எங்கயும் எழுத வேணாம். எழுதினது இருந்தா அழிச்சிரச் சொல்லுங்க" என்றார்.

மற்ற நாள் இவரும் நானும் எல்லாத்தையும் ஆத்தில விட்டோம். குஞ்சுகளையும். றிஸானா எங்களோட கதைக்கிறதில்ல.

அதுக்குப் பிறகு ரெண்டு பேர் சிவில் உடுப்பில வந்து எங்கட சாமான் அறையைத் திறந்து பார்த்திட்டுப் போனாங்க. ஒண்டும் கேக்கல்ல. சந்தியில நிக்கிற ஆள் இவரக் கண்டா இப்ப சலாம் சொல்றான், அவன் முஸ்லிமும் இல்ல. இவர் கடைக்குப் போக முந்தி ஜன்னலால றோட்டப் பார்த்திட்டுத்தான் இறங்குறார்.

டீச்சர், இந்தக் கடிதம் கிடைச்சது என்று ஒருக்கா எழுதுங்க. அதுக்குப் பிறகு கொஞ்சக் காலம் எழுத வேணாம். நான் எழுதாட்டியும் கோவிக்க வேணாம். இவர் சொல்லி இத எழுதல்ல. எனக்கே பயமா இருக்குது.

மஸீனா


குருநகர்
09.04.1984

அன்புள்ள தங்கச்சிக்கு,

கிடைத்தது. உம்முடைய பெயரை இனிக் கடிதத்தில் எழுதமாட்டேன். நான் செய்திருக்க வேண்டியதை நீர் செய்தீர். 

யூலையில் நான் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தபோது சட்டைக்குள் ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஆறு வருடமாக எந்த ஓடையில் எந்த மீனைக் கண்டோம், யார் கண்டார்கள் என்று எழுதி வைத்தது. அழிக்கச் சொன்னாரே, அவருடைய பெயர் அதில் இருநூற்றுப் பதினெட்டு இடத்தில் இருந்தது. மையால் அடித்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்தது. ஆகவே சவர அலகால் ஒவ்வொன்றாக வெட்டி அடுப்பில் போட்டேன். மூன்று நாள் எடுத்தது. கல்நக்கி பெருமழைக்கு முதல் நாள் மேலோடைக்கு ஏறும் என்று எனக்குக் காட்டினது அவர். இப்போது அந்த வரியில் ஓட்டைதான் இருக்கிறது. அவரிடம் சொல்லும், ஒன்றும் மிச்சம் இல்லை.

தங்கச்சி, உம்முடைய கடிதங்களில் இருந்த மீன் செய்திகளையும் அந்தக் கொப்பியில் திகதி போட்டு எழுதி வந்தேன். முட்டையைக் காத்த ஆண் மீன், அது தின்னாமல் விட்ட மண்புழு, கையைக் கொத்த வந்தது. ஆறு வருடத்தில் நான் ஒருமுறையும் காணாதவை. கண்டவர் என்று உம்முடைய பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன், ஊரோடு. பத்தொன்பது இடம்.

அதையும் வெட்டட்டோ? சங்கிலியன் ராசா காலத்துக் கோட்டைக்குள் வைத்தாலும் பத்திரம் இல்லாத காலம் இது. என் கொப்பி நாளைக்கு யார் கையில் போகும் என்று எனக்கே தெரியாது. ஆனால் வெட்டிவிட்டால், அந்த மீனை அப்படி உட்கார்ந்து பார்த்த ஒருத்தி இருந்தாள் என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை.

நீர்தான் சொல்ல வேண்டும். ஒரு தபாலட்டையில், வெட்டுவதென்றால் ஓம், வெட்டக்கூடாதென்றால் வேண்டாம் என்று மட்டும் எழுதினால் போதும், பெயர் போட வேண்டாம். வைகாசி முடியுமட்டும் பார்த்திருப்பேன். ஒன்றும் வராவிட்டால், வெட்டச் சொல்லுகிறீர் என்று எடுத்துக்கொள்ளுவேன்.

செ.